ரிஸ்வானா மிஸ்ஸின் பன்னிரண்டு பெட்டிகள்

ரிஸ்வானா மிஸ்ஸின் தம்பி நவாஸ் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது காலை ஏழு மணி இருக்கும். தேயிலைத் தோட்டத்து நாற்றுப் பண்ணையில் நான் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். "மாணிக்கம் அண்ணே, ராத்தா சுபஹுக்குப் பொறகு மௌத்தாயிட்டாங்க. அஸர் தொழுதிட்டு அடக்கம். ஒங்களுக்குக் கட்டாயம் சொல்லணும்னு சொல்லி வச்சிருந்தாங்க," என்றார். அவர்கள் அக்காவை ராத்தா என்பார்கள், சாவை மௌத்து என்பார்கள். அஸர் என்றால் பின்னேரத் தொழுகை. "சரிங்க தம்பி," என்றேன். குழாயை மூடாமலே நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு நடந்து, பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பிப் போய் மூடினேன்.

புளத்கொகுபிட்டியவிலிருந்து கேகாலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து வரக்காப்பொலைக்கு இன்னொன்று. முன்பெல்லாம் கேகாலை பஸ் நிலையத்தில் இறங்கினால் யாரிடமாவது சிங்களத்தில் கேட்டுத்தான் ஏறுவேன். அன்று பஸ்ஸின் நெற்றியில் இருந்த பலகையின் தமிழ் எழுத்தைப் பார்த்து 'வரக்காப்பொல' என்று நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். மனதுக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியது. இதை மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். யாருடைய அடக்கத்துக்குப் போகிறேன் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டு பஸ்ஸுக்கும் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்ததால், நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஆட்கள் மையவாடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நவாஸ் என் கையைப் பிடித்து அவர்களுடைய புடவைக் கடையின் முன்னால் ஒரு கதிரையில் உட்கார வைத்தார். மிஸ்ஸிடம் பள்ளிக்கூடத்தில் படித்த உங்களில் பலர் அங்கே நின்றீர்கள். நினைவு மலர் ஒன்று போடப் போவதாகச் சொல்லி, நானும் ஏதாவது சொன்னால் எழுதிக்கொள்வதாகக் கேட்டீர்கள். நானே எழுதித் தருகிறேன் என்றேன். எனக்கு எழுத்துத் தெரிந்து மூன்று வருடம் கூட முழுதாக ஆகவில்லை. ஒரு நாளைக்கு எட்டு வரி, பத்து வரிதான் வரும். ஆனாலும் எழுதுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. இந்தத் துக்கத்தை எழுதும்போதும் ஒரு 'ழ' ஒழுங்காக வந்துவிட்டால் மனம் கொஞ்சம் நிமிர்கிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. மறைக்கக் கூடாத இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதற்காகத்தான் நானே எழுதுகிறேன் என்றேன்.

மிஸ் முதன்முதலில் எங்கள் நாற்றுப் பண்ணைக்கு வந்தது ஒரு பள்ளி விடுமுறையில். தேயிலைக் கன்று வைத்த மண் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் பார்த்தார். தலையில் முக்காடு, காலில் ரப்பர் சப்பாத்து, முழங்கால் வரை சேறு. "என்ன தேடுறீங்க மிஸ்?" என்று கேட்டேன். "தவள முட்ட," என்றார். கன்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அன்றே அவருக்குத் 'தவளை மிஸ்' என்று பெயர் வந்துவிட்டது. அவர் அதைக் கேட்டுக் கோபப்படவில்லை. "பள்ளிக்கூடத்தில எனக்கு வச்சீக்கிற பேர விட இது நல்ல பேர்தான்," என்றார். அந்தப் பெயர் என்னவென்று உங்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் பக்கத்து மரத்தவளைகள் தண்ணீரில் முட்டையிடுவதில்லை. ஈர மண்ணைக் கிளறி, உள்ளே இட்டு மூடிவிட்டுப் போய்விடும். வால் வைத்த குஞ்சு என்று ஒன்று கிடையாது. அரிசி மணி அளவில், நான்கு காலோடு, முழுத் தவளையாகவே மண்ணிலிருந்து ஏறி வரும். நாற்பது வருடம் மண் பை நிரப்பியவன் நான். அந்த முட்டைகளை எத்தனையோ தடவை பார்த்து, பூஞ்சணம் என்று நினைத்து வீசியிருக்கிறேன். அதை மிஸ்ஸிடம் சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இனிமே வீசாதீங்க அண்ணே. எனக்குச் சொல்லி அனுப்புங்க."

அவருக்கு இருந்த கேள்வி இதுதான். பண்ணையிலும் அதற்கு மேலே உள்ள காட்டுத் துண்டிலும் மூன்று மாதிரித் தவளைகள் இருந்தன. ஒன்றுக்கு முதுகின் நடுவில் மூக்கிலிருந்து பின்பக்கம் வரை வெள்ளைக் கோடு. ஒன்று வெறும் மண் நிறம். ஒன்றுக்கு உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. இவை மூன்று இனமா, ஒரே இனம் மூன்று நிறத்தில் வருகிறதா? மிஸ் ஒரு புத்தகத்தைத் திறந்து எனக்குப் படம் காட்டினார். மத்திய அமெரிக்காவில் இருக்கும் விஷத் தவளைகள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சளில் கறுப்புப் புள்ளி.

"இதெல்லாம் வேற வேற சாதிங்களா மிஸ்?"

"எல்லாம் ஒரே இனம் அண்ணே. ஒரு தீவுல செவப்பா ஈக்கும், பக்கத்துத் தீவுல பச்சயா ஈக்கும். இப்பிடிப்பட்டதுகளுக்கு முந்தி ஆக்கள் நிறத்தப் பாத்து வேற வேற பேர் வச்சிட்டாங்க. பொறகு அந்தப் பேரெல்லாம் வெட்ட வேண்டி வந்திச்சு. ஆனா மத்தப் பக்கமும் நடக்கும். பாத்தா ஒண்ணு போல ஈக்கும், உள்ளுக்குள்ள ரெண்டு இனமா ஈக்கும். நிறத்த மட்டும் நம்ப ஏலாது."

"நம்ம தவளையும் விஷமுங்களா?"

"இல்ல. அதுகளுக்கு விஷமீக்கு, அதான் பளபளன்னு வெளிய திரியுதுகள். நம்மட தவளைக்கு ஒண்ணுமில்ல, பாவம். ஒளிஞ்சுதான் பொழைக்கணும்."

அன்று முதல் நான் தவளைகளைப் பார்க்கப் பழகினேன். எந்தக் கன்றின் கீழ் எந்த நிறம் இருந்தது என்று அவர் வரும்போது சொல்வேன். என் மனைவி லெட்சுமி, "முப்பது வருசமா நான் என்ன நெறத்துல சேல கட்டுறேன்னு இந்த மனுசனுக்குத் தெரியாது மிஸ். தவளைக்கு மட்டும் கண்ணு தெரியுது," என்பாள். "அக்கா, நீங்களும் மண்ணுக்குள்ள ஒளிஞ்சு பாருங்க," என்று மிஸ் பதில் சொல்வார்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு ஓர் ஐப்பசி மழையில் மிஸ் அரசாங்க அனுமதியோடு பன்னிரண்டு கண்ணாடிப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். ஒரு குழியிலிருந்து எடுத்த முட்டைகள் ஒரு பெட்டியில். அப்படிப் பன்னிரண்டு தாய்களின் முட்டைகள், பண்ணைக்குப் பின்னால் இருந்த கொட்டிலில். அவருக்குப் பரீட்சைக் காலம். ஆறு வாரத்துக்கு வர முடியாது. செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினார். "எல்லாம் இதில ஈக்கு அண்ணே. ஒருக்கா வாசிச்சுக்கோங்க." "சரிங்க மிஸ்," என்றேன். தண்ணீர் தெளிக்கவும், அழுகிய வாழைப்பழத்தில் சின்ன ஈ பிடித்துக் குஞ்சுகளுக்குப் போடவும் வாயாலும் சொல்லியிருந்தார். தாளில் இருப்பதும் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஐந்தாவது வாரம் குஞ்சுகள் வெளியே வந்தன. முதல் பெட்டியைப் பார்த்தவுடனே பயந்துபோனேன். கோடு போட்டது, வெறும் நிறம், புள்ளி, எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. இரண்டாம் பெட்டியும் அப்படித்தான். நான் ஏன் பயந்தேன் என்பதைப் பண்ணையில் வேலை செய்தவர்கள் புரிந்துகொள்வார்கள். எங்கள் தொழிலில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு, அது இனம் கலப்பது. ஒரு பாத்தியில் ஒரு தாய்ச் செடியிலிருந்து வெட்டிய கன்றுகள் மட்டும் இருக்க வேண்டும். வேறு இலை நிறத்தில் ஒரு கன்று நின்றால் அதை எடுத்து அதன் பாத்தியில் வைக்க வேண்டும். பெயர்ப் பலகையை வாசிக்கத் தெரியாவிட்டாலும், இலையைப் பார்த்தே நாற்பது வருடம் ஒரு கன்றும் கலக்காமல் காத்தவன் நான். மூடியை எங்கோ சரியாகப் போடாமல் விட்டுவிட்டேன், குஞ்சுகள் பெட்டி விட்டுப் பெட்டி தாவிவிட்டன என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து, ஈரமான கோழி இறகால் ஒவ்வொன்றாக ஏந்தி, கோட்டைக் கோட்டோடும் புள்ளியைப் புள்ளியோடும் சேர்த்து வைத்தேன். ஒரு குஞ்சு கூடச் சாகவில்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

மிஸ் வந்து பெட்டிகளைப் பார்த்தார். முதலில் இருந்து கடைசி வரை நடந்தார், திரும்பவும் நடந்தார். பிறகு கொட்டிலின் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "ஒவ்வொரு பெட்டியிலயும் ஒரே மாதிரி, அண்ணே. தாய்க்குத் தாய் வேற. அப்ப மூணும் மூணு இனம். ரெண்டுக்கு உலகத்திலயே இன்னும் பேர் இல்ல." அவர் கண் கலங்கியிருந்தது. கோட்டுத் தவளைக்கு எங்கள் தோட்டத்தின் பெயரை வைப்பேன் என்றார். ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு இதெல்லாம் முடியுமா என்று கேட்டவர்களைப் பற்றியும் அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார். அந்த நேரத்தில், மூடி சரியாகப் போடாத கதையை நான் எப்படிச் சொல்வேன்? நான் சரி செய்துவிட்ட ஒன்றைச் சொல்லி அவரை ஏன் கலங்க வைக்க வேண்டும் என்றும் தோன்றியது. பேசாமல் இருந்தேன்.

ஒரு மாதம் கழித்து பழைய விதைத் தேயிலை மலையில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் விதை போட்டு வளர்த்த மலை அது. ஒரே மரத்து விதையாக இருந்தாலும் அங்கே ஒரு செடி போல இன்னொன்று இருக்காது. ஒன்று கறுத்த இலை, ஒன்று வெளிர் இலை, ஒன்று சின்ன இலை. வெட்டி நட்ட கன்றுதான் தாயைப் போலவே வரும். விதை அப்படி வராது. இதை நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து அறிவேன். கத்தியை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். முட்டை என்பது கன்றா, விதையா? பெட்டிகளின் மூடிகள் சரியாகத்தான் இருந்திருக்கின்றன. எந்தக் குஞ்சும் தாவவில்லை. அவை கலந்துதான் பிறந்தன. நான் பிரித்ததுதான் பொய்.

அன்றைக்கே போயிருக்க வேண்டும். போகவில்லை. மூன்று வாரம் தள்ளினேன். மிஸ் கட்டுரை எழுதி முடித்துவிட்டார், அனுப்பப் போகிறார் என்று தெரிந்த பிறகுதான் வரக்காப்பொலைக்குப் பஸ் ஏறினேன். கடைக்கு மேலே அவருடைய அறை. மேசையில் அடுக்கிய தாள்கள்.

"என்ன அண்ணே, அக்காவுக்குச் சுகமில்லையா?"

"அவ நல்லா இருக்கா மிஸ். நான்தான் ஒரு தப்புப் பண்ணிட்டேங்க. குஞ்சுங்க கலந்துதான் பொரிச்சிச்சுங்க. நான்தான் நெறம் பாத்துப் பிரிச்சு வச்சேன்."

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தின பெட்டியில?"

"ரெண்டு மூணத் தவுர எல்லாத்துலயும்ங்க."

"சுவத்தில ஒட்டினேனே அண்ணே. எந்தக் குஞ்சையும் பெட்டி மாத்த வேணாம்னு. அடியில கோடும் போட்டேனே."

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க மிஸ்."

கீழே நவாஸ் யாருக்கோ சீத்தைத் துணி கிழித்துக் கொடுக்கும் சத்தம் கேட்டது. மிஸ் மேசையில் இருந்த தாள்களைப் பார்த்தார். பிறகு, "ஒங்களுக்கு வாசிக்கத் தெரியுமான்னு நான் கேக்கல்ல. அது என்ட பிழ," என்றார். கொஞ்சம் கழித்து, "இத நீங்க சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது. ஏன் சொன்னீங்க?" என்றார். விதைத் தேயிலையைப் பற்றிச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "இதத்தான் இருவது வருசமா பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். பெட்டியெல்லாம் அவ்வளவு ஒழுங்கா ஈக்கக்குள்ள எனக்கே சந்தேகம் வந்திருக்கணும். ஆசை, அண்ணே. கண்ண மறைச்சிரும்." தாள்களைக் கவிழ்த்து வைத்தார். எந்தப் பெட்டியில் எது பிறந்தது என்று எனக்கு ஓரளவு நினைவிருக்கிறது என்றேன். "ஓரளவு பத்தாது. அடுத்த மழைக்குத் திரும்பச் செய்வோம். இந்த முறை நீங்கதான் எழுதப் போறீங்க."

அப்படித்தான் நான் எழுத்துப் படித்தேன். முதலில் மூன்றே எழுத்து. கோட்டுக்குக் கோ, வெறும் நிறத்துக்கு வெ, புள்ளிக்குப் பு. லெட்சுமி, "பேரன் கொப்பியில தாத்தா எழுதுறாரு, பேரன் போனுல வெளையாடுறான்," என்று லயம் முழுக்கச் சொன்னாள். அந்த மூன்றும் கைக்கு வந்தவுடன் மற்ற எழுத்துகளையும் கேட்டேன். "மூணுக்கு மட்டும் எடம் குடுத்தா மத்ததுகள் கோவிச்சுக்கும்தானே," என்று மிஸ் சனிக்கிழமைதோறும் இரண்டு, மூன்றாகச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த ஐப்பசியில் ஒன்றாம் பெட்டியைத் திறந்து, கோ ஆறு, வெ ஒன்பது, பு இரண்டு என்று என் கையால் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் செய்தி அது. ஒரு தாயின் பிள்ளைகள். ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளும் அப்படித்தான் கலந்து வந்தன. "மூணு சட்ட, ஒரே ஆள்," என்றார் மிஸ். புதிய இனமும் இல்லை, தோட்டத்தின் பெயரும் இல்லை. ஆனாலும் அவர் முகம் தெளிவாக இருந்தது.

ஒரு நாள் எண்ணைத் தவறாக எழுதி, பேரனின் ரப்பரால் அழித்துவிட்டேன். மிஸ் என்னைக் கடிந்துகொண்டது அந்த ஒரு தடவைதான். "அழிக்காதீங்க அண்ணே. ஒரே ஒரு கோடு போட்டு வெட்டிட்டு, பக்கத்தில சரியானத எழுதுங்க. வெட்டினதும் வாசிக்கிற மாதிரி ஈக்கணும். முதல்ல என்ன நெனச்சோம்னு மறைக்கக் கூடாது."

அந்த நாட்களில்தான் உங்களில் சிலர் பெட்டிகளைப் பார்க்க வந்தீர்கள். "போன வருசம் எல்லாம் மழையில பழுதாப் போச்சாமே அண்ணே," என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது. நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் ஒரு பெட்டிக்குள் குனிந்துகொண்டே, "ஓ, பலத்த மழ," என்றார். நானும் தலையாட்டினேன். மிஸ்ஸின் கவனக்குறைவால் ஒரு வருடம் வீணானது என்று சிலர் பேசியது பின்னால் என் காதுக்கு வந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று எனக்குத் தெரிந்தது கடைசி மாதங்களில்தான். கொழும்புக்குப் போய் வந்து, மெலிந்து, படுக்கையில் கிடந்தார். ஒரு மழைக் கால எண்ணிக்கை போதாது, இன்னொன்றும் வேண்டும் என்றிருந்தார். அந்த இரண்டாவது மழைக்கு நான் தனியாகவே பெட்டிகளைப் பார்த்து, எண்ணி, எழுதி, கொப்பியை எடுத்துக்கொண்டு போனேன். "வாசிங்க," என்றார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் ஒருவருக்கு வாசித்துக் காட்டியது அதுதான் முதல் தடவை. ஏழாம் பெட்டியில் தடுமாறினேன். அவர் காத்திருந்தார். முடிந்ததும், "ஒரு பெட்டியும் ஒரே நிறமா வரல்லயே?" என்றார். "இல்லைங்க மிஸ்." "அப்ப சரி," என்றார். அதற்குப் பிறகு அவர் கட்டுரையைத் தொடவில்லை. தொட முடியவில்லை. பதினெட்டு நாளில் போய்விட்டார்.

இரண்டு வருடத்து எண்ணிக்கை வேண்டும் என்றால், நான் கலைக்காமல் இருந்திருந்தால் முதல் வருடமே ஒன்று கிடைத்திருக்கும். அவர் எழுந்து நடமாடும்போதே எல்லாம் முடிந்திருக்கும். அச்சில் தன் பெயரைப் பார்த்திருப்பார். இந்தக் கணக்கை நான் எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் விடை மாறவில்லை.

நாற்பதாம் நாள் நினைவுக்கு ஓதும் கத்தத்துக்குப் போனபோது நவாஸ் அந்தக் கொப்பியை என்னிடம் தந்தார். பஸ்ஸில் திறந்தேன். என் எழுத்துத் தொடங்குவதற்கு முந்திய முதல் பக்கத்தில் மிஸ்ஸின் எழுத்து இருந்தது. அதை முன்பு பார்த்திருக்கிறேன், அப்போது வாசிக்கத் தெரியாது; தெரிந்த பிறகு அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. 'முதல் வருடப் பெட்டிகள் மழையால் பழுதாயின.' ஒரு எண்ணைக் கூட அழிக்க விடாதவர் எனக்காக இதை எழுதி வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் 'மழையால்' என்பதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் 'மாணிக்கத்தால்' என்று எழுதினேன்.

மிஸ் விட்டுப்போன கட்டுரையை உங்களில் சிலர் முடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன், உங்களுக்கு எண்ணிக்கைகள் வேண்டும். கொப்பியின் மற்றப் பக்கங்களைத் தந்துவிடுகிறேன், முதல் பக்கத்துக்குப் படப்பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் மட்டும் என்னிடம் இருக்கட்டும். மிஸ் எனக்காகச் சொன்ன ஒரே பொய் அதில் இருக்கிறது. கோட்டுக்கு அடியில் அதை இன்னும் வாசிக்க முடிகிறது.